மூத்த பிள்ளையின் சம்பளம்

1970-ல் ஆல்வின் எய்லி தன் நடனக் குழுவைக் கலைத்துவிடப் போவதாக அறிவித்தார். நியூயார்க்கில் குழு தொடங்கி 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று சுற்றி வந்தாகிவிட்டது. பத்திரிகைகள் பாராட்டித் தள்ளியிருந்தன. ஆனால் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் அந்தக் குழு சோவியத் ஒன்றியத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அனுப்பி வைத்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. லெனின்கிராடில் நிகழ்ச்சி முடிந்த பிறகும் 20 நிமிடத்துக்கு மேல் கைதட்டல் ஓயவில்லை.

சொந்த ஊரில் கஜானா காலி. எதிரணி மண்ணில் நாட்டின் பெருமை. பனிப்போர்க் காலத்து விசித்திரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வாழ்விலிருந்து முளைத்த நடனக் குழுக்களின் கதை நெடுகிலும் இந்த முரண் ஓடுகிறது. அவற்றைக் காட்டிப் பெருமைப்பட எல்லோரும் வருகிறார்கள். மாத வாடகைக்கும் ஒத்திகைக் கூலிக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால்தான் இடம் காலியாகிவிடுகிறது. எய்லியின் குழு பிழைத்தது அரசின் தயவால் அல்ல. ஒரே ஒரு நடனத்தின் வருமானமும், அந்த வருமானத்தை வைத்து ஒரு வீடு கட்டிக்கொள்ளும் சாமர்த்தியமும்தான் அதைக் காப்பாற்றின. இதைச் சொல்லாமல் அந்த நடனத்தைப் புகழ்வதும் குறைசொல்வதும் பாதிப் பேச்சுதான்.

அந்த நடனத்தின் பெயர் ‘ரெவலேஷன்ஸ்’. 1960 ஜனவரி 31 அன்று நியூயார்க்கின் 92-ஆம் தெரு அரங்கில் முதன்முதலில் ஆடப்பட்டது. எய்லிக்கு அப்போது வயது 29. டெக்சாஸ் மாநிலத்தில் ரோஜர்ஸ் என்ற சிற்றூரில் 1931-ல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா லூலா பருத்தி பறித்தும் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தும் மகனை வளர்த்தார். பள்ளி, பேருந்து, குடிநீர்க் குழாய் எல்லாம் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த ஊர்கள். சனிக்கிழமை இரவு சாராயக் கடையில் ப்ளூஸ் பாட்டுக்கு ஆடியவர்களே ஞாயிறு காலை பாப்டிஸ்ட் சபையில் கண்ணீரோடு பாடுவதைச் சிறுவன் எய்லி பார்த்திருக்கிறான். சனி இரவு ‘ப்ளூஸ் சூட்’ ஆயிற்று, 1958-ல். ஞாயிறு காலைதான் ‘ரெவலேஷன்ஸ்’. இரத்தத்தில் ஊறிய நினைவுகள் என்று இவற்றை அவர் குறிப்பிடுவது வழக்கம்.

திரை விலகியதும் ஒன்பது பேர். மண் நிற உடை. மேடையின் நடுவில் ஒரே கொத்தாக, மேலிருந்து விழும் வெளிச்சத்தில், முழங்காலை ஆழமாக மடக்கி நிற்கிறார்கள். தலை குனிகிறது, உடல் ஒரு பக்கம் சாய்கிறது, கைகள் மட்டும் இறக்கைபோல விரிகின்றன. விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். பாரம் கீழே அழுத்துகிறது, கை மேலே போகப் பார்க்கிறது; முழு நடனமும் இந்த இரண்டு விசைகளுக்கு இடையில்தான் நடக்கிறது. இரண்டாம் பகுதி ஞானஸ்நானம். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீலத் துணியை இழுத்துப் பிடித்து அலையலையாக ஆட்டுகிறார்கள், ஆறு வந்துவிடுகிறது. வெள்ளை உடையில், பெரிய வெள்ளைக் குடையோடு ஒரு பெண் அதற்குள் இறங்குகிறாள். காசு அதிகம் இல்லாத குழு கையாண்ட உத்தி அது. இன்றைய கோடி ரூபாய் ஒளிஅமைப்புகள் எதுவும் அதை மிஞ்சியதாகத் தெரியவில்லை.

மூன்றாம் பகுதிக்கு முன் ஓர் ஆணின் தனி நடனம் வருகிறது. சாவுக்குத் தயாராகும் மனிதன். கிட்டத்தட்ட முழுவதும் தரையிலேயே. முதுகெலும்பின் அடிநுனியில் உடலை நிறுத்தி, கைகால்களைத் தரையிலிருந்து எடுத்து, வயிற்றுத் தசையின் பலத்தில் மட்டும் மெல்ல எழுந்து மெல்லச் சரிகிறான். லாஸ் ஏஞ்சலிஸில் லெஸ்டர் ஹார்ட்டன் என்ற வெள்ளைக்கார ஆசிரியர் உருவாக்கிய பயிற்சி முறை அது. எல்லா நிறத்தவரையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்றுக்கொடுத்தவர் அவர். அப்படிச் செய்த நடனக் கூடங்கள் அன்றைய அமெரிக்காவில் மிகச் சில. எய்லியை அங்கே இழுத்துக்கொண்டு போனவர் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளித் தோழி கார்மன் டி லாவலாட். 1953-ல் ஹார்ட்டன் திடீரென்று இறந்தபோது, 22 வயது எய்லிதான் குழுவுக்கு நடனம் அமைக்கும் பொறுப்பை ஏற்றார். டெக்சாஸ் சபையின் பாட்டும் ஹார்ட்டனின் பயிற்சியும் சேர்ந்ததால்தான் ‘ரெவலேஷன்ஸ்’ நாட்டுப்புறக் காட்சியாக நின்றுவிடவில்லை.

கடைசிக் காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் உடையில் பெரிய தொப்பியோடு சபைக்கு வரும் பெண்கள், கையில் விசிறி, உட்கார முக்காலி, தெற்கத்திய வெயில், வம்பு, சிரிப்பு, துதி. பார்க்கிறவர்கள் எழுந்து நின்று தட்டுகிறார்கள். ஆடியவர்கள் அந்தக் காட்சியை இன்னொரு முறை ஆடுகிறார்கள். இது 60 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

விமர்சகர்களுக்கு இதில்தான் சலிப்பு. புதிதாக எதை ஆடினாலும் கடைசியில் ‘ரெவலேஷன்ஸ்’ வந்துவிடுகிறது. மக்கள் அதற்காகத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். முன்னால் வந்த நடனங்களெல்லாம் கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சுபோல ஆகிவிடுகின்றன என்று எழுதுகிறார்கள். எய்லிக்கே அந்த எரிச்சல் இருந்தது. முப்பதை எட்டும் முன் செய்த ஒன்றோடு வாழ்நாள் முழுவதும் தன்னை ஒப்பிடுவதை எந்தப் படைப்பாளிதான் விரும்புவார்? குறை நியாயமானதே. ஆனால் அது கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்காத குறை. எத்தனையோ வீடுகளில் மூத்த பிள்ளை ஒரே வேலையில் தேய்ந்துகொண்டிருப்பார். தம்பி தங்கைகள் விருப்பப்பட்ட படிப்பைப் படிப்பார்கள். ‘ரெவலேஷன்ஸ்’ வாங்கி வரும் சம்பளத்தில்தான் இந்தக் குழுவின் மற்ற நடனங்கள் பிழைத்திருக்கின்றன. மூத்தவரை வேலையை விடச் சொல்கிறவர்கள் மாதச் செலவுக்கு வழியும் சொல்ல வேண்டும்.

வழி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் காத்தரின் டன்ஹம் சாட்சி. எய்லிக்கு ஒரு தலைமுறை மூத்தவர். சிகாகோவில் மானுடவியல் படித்து, 1930-களில் ஹெய்ட்டிக்கும் ஜமைக்காவுக்கும் போய் நடனச் சடங்குகளை ஆராய்ந்தவர். அவருடைய குழு உலகம் முழுக்க ஆடியது. லாஸ் ஏஞ்சலிஸில் அதைப் பார்த்துத்தான் கறுப்பர்களும் இப்படி மேடையில் நிற்கலாம் என்று சிறுவன் எய்லிக்குத் தெரிந்தது. 1951-ல் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் டன்ஹம் ‘சவுத்லாண்ட்’ என்ற நடனத்தை அரங்கேற்றினார். வெள்ளையர் கும்பல் ஒரு கறுப்பினத்தவரை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடுவதை அப்படியே மேடையில் காட்டியது அது. அமெரிக்கத் தூதரகம் கொதித்துப்போயிற்று. வெளிநாட்டில் வீட்டுக் குப்பையைக் கொட்டுவதா என்பதுதான் கோபம். அமெரிக்காவின் கலைத் தூதர்களாகப் பலரை வெளியுறவுத் துறை அனுப்பத் தொடங்கிய காலத்திலும் டன்ஹமுக்கு அந்த ஆதரவு கிடைக்கவில்லை. 1960-களில் குழு கலைந்தது.

1962-ல் அதே வெளியுறவுத் துறை எய்லி, லாவலாட் குழுவை ஆசியாவுக்கு அனுப்பியது. அமெரிக்கத் தெற்கில் அப்போது பல இடங்களில் கறுப்பர்கள் வெள்ளையரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. குடிமை உரிமைகள் சட்டம் வர இன்னும் இரண்டு ஆண்டுகள், வாக்குரிமைச் சட்டத்துக்கு மூன்று ஆண்டுகள். எங்கள் நாட்டில் கறுப்பர்கள் எவ்வளவு சந்தோஷமாகப் பாடி ஆடுகிறார்கள் பாருங்கள் என்று காட்ட அரசுக்கு ‘ரெவலேஷன்ஸ்’ தோதாக இருந்தது. எய்லிக்கு இது தெரியாமல் இல்லை. மேடையும் சம்பளமும் கிடைத்தன, எடுத்துக்கொண்டார். அதற்காக அவரைக் குறைசொல்வது, பசித்திருக்கிறவரிடம் பந்தி போட்டவரின் ஜாதகம் கேட்பதற்குச் சமம். ஆனால் டன்ஹமின் குழு கலைந்ததையும் எய்லியின் குழு கப்பல் ஏறியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அதிகாரத்துக்கு எந்த வகை நினைவு பிடிக்கும், எது பிடிக்காது என்பது விளங்கிவிடும்.

எய்லி அந்தக் கணக்கை வேறு விதமாகத் தீர்த்தார். பணம் வந்ததும் தன் பெயருக்கு மட்டும் கோயில் கட்டிக்கொள்ளவில்லை. தனக்கு முன்னால் ஆடியவர்களின் படைப்புகளை ஒவ்வொன்றாகத் தன் குழுவுக்குள் கொண்டுவந்தார். சங்கிலியில் கட்டப்பட்டுக் கல் உடைக்கும் கைதிகளைப் பற்றி டொனால்ட் மெக்கேல் 1959-ல் செய்த நடனம், டாலி பீட்டியின் நடனங்கள், பேர்ல் ப்ரைமஸின் ஆப்பிரிக்க நடனங்கள். 1987-ல் டன்ஹமையே அழைத்து வந்து அவருடைய பழைய நடனங்களை ஒரு முழு நிகழ்ச்சியாக மீட்டெடுத்தார். நடனத்துக்குப் புத்தகம் கிடையாது. ஆடியவர் ஆடிக் காட்டி, அடுத்தவர் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஓர் ஒத்திகைக் கூடம் வேண்டும். மாதக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆட்கள் வேண்டும். குழு இன்றுவரை ஆடியுள்ள 200-க்கும் மேற்பட்ட படைப்புகளில் பெரும்பகுதி எய்லி செய்தவை அல்ல. எய்லியின் தலைசிறந்த படைப்பு ‘ரெவலேஷன்ஸ்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தப் பட்டியல்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அவருடைய படைப்புகளிலேயே ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1971 மே மாதம் அரங்கேறிய ‘க்ரை’. அம்மாவின் பிறந்தநாளுக்கு மகன் கொடுத்த பரிசு. ஒரே பெண், சுமார் 16 நிமிடம், இடைவெளியே இல்லை. ஆடியவர் ஜூடித் ஜேமிசன். 5 அடி 10 அங்குல உயரம். கையில் நீண்ட வெள்ளைத் துணி ஒன்று. அதைத் தரையில் போட்டு மண்டியிட்டுத் தேய்க்கிறாள், வேலைக்காரி. தோளில் போர்த்துகிறாள், ராணி. தலையில் சுற்றுகிறாள், கையில் ஏந்துகிறாள். துணி அதே துணிதான். எய்லிக்கு ஐந்து வயதிருக்கும்போது அவருடைய அம்மாவை வெள்ளையர்கள் சிலர் கூட்டாகப் பலாத்காரம் செய்தார்கள். வெள்ளையர் வீட்டுத் தரைகளையெல்லாம் தேய்த்துத் துடைத்த கைகள் யாருடையவை என்பது பார்க்கிறவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். முழு நடனத்தையும் முதல் முறையாக ஒரே மூச்சில் ஆடியது அரங்கேற்ற மேடையில்தான் என்று ஜேமிசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றோடு அவர் நட்சத்திரமானார்.

இதில் தமிழர்களுக்கு ஒரு சின்ன உறவும் உண்டு. ‘க்ரை’யின் முதல் பகுதிக்கு எய்லி எடுத்துக்கொண்ட இசை ஆலிஸ் கோல்ட்ரேன் அமைத்தது. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் மனைவி. கணவர் இறந்த துக்கத்தில் இருந்தவருக்குக் குருவாக வாய்த்தவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்தவர், 1969-ல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்த அதே சாமியார். அவர் பெயரையே தாங்கி 1971-ல் வந்த இசைத்தட்டிலிருந்துதான் அந்த இசை எடுக்கப்பட்டது. உற்றுக் கேட்டால் பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் அடியில் தம்புரா சுருதி ஓடுவது கேட்கும்.

எய்லியின் குழு கறுப்பர்களுடையது, ஆனால் கறுப்பர்கள் மட்டும் ஆடும் குழுவாக அது இருக்கவில்லை. 1960-களின் நடுவிலேயே எய்லி வெள்ளையர்களையும் ஆசியர்களையும் சேர்த்துக்கொண்டார். இரு தரப்பிலும் முணுமுணுப்பு. எங்கள் வேதனையை இவர்கள் எப்படி ஆடுவது என்று ஒரு பக்கம். இந்தப் பாட்டுக்கு வெள்ளைத் தோல் பொருந்தவில்லையே என்று மறுபக்கம். அந்த வாதத்துக்கு நல்ல பதில் மசாசுமி சாயா. ஜப்பானின் ஃபுகுவோகாவில் பிறந்தவர். 1972-ல் குழுவில் சேர்ந்து ஆடினார். பிறகு ஒத்திகைப் பொறுப்பாளர். 1991 முதல் 2019 வரை துணைக் கலை இயக்குநர். டெக்சாஸ் சபைக்குப் போன எய்லியின் நடனங்களை, எய்லி இறந்த பிறகு, கைவிரல் பிரியும் அளவு மாறாமல் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பெரும்பங்கு அவருடையது.

எய்லி 1989 டிசம்பர் 1 அன்று, 58 வயதில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று இரத்தத்தில் வேறொரு கோளாறு என்றே மருத்துவரை அறிவிக்கச் செய்தார். தன்பால் ஈர்ப்பை வெளியே சொல்ல முடியாத தலைமுறை அது. ‘க்ரை’யைப் படைத்த மகனே அம்மாவிடம் சொல்ல முடியாதது ஒன்று இருந்தது. பொறுப்பு ஜேமிசனிடம் வந்தது. நிறுவனர் போனால் குழுவும் போகும் என்பதே அமெரிக்க நவீன நடனத்தின் வாடிக்கை. ஜேமிசன் 21 ஆண்டுகளுக்கு மேல் தலைமை தாங்கினார். நியூயார்க்கில் 55-ஆம் தெருவும் ஒன்பதாம் நிழற்சாலையும் சந்திக்கும் இடத்தில் நடனத்துக்கென்றே ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுப்பினார். தெருவில் போகிறவர்கள் நின்று ஒத்திகை பார்க்கலாம். 1969-ல் 125 மாணவர்களோடு புரூக்ளினில் தொடங்கிய பள்ளியும், 1974-ல் வந்த இளையோர் குழுவும் அங்கேதான் இயங்குகின்றன. 2024 நவம்பரில் ஜேமிசன் மறைந்தபோது அஞ்சலிகள் எல்லாம் ‘க்ரை’யைப் பற்றியே பேசின. அந்தக் கட்டடத்துக்கு நன்கொடை திரட்ட அவர் ஏறி இறங்கிய படிகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

வீடு இருந்ததால்தான் புதியவர்கள் வர முடிந்தது. ஜேமிசனுக்குப் பிறகு வந்த ராபர்ட் பாட்டிலின் காலத்தில், சிறைச்சாலைகள் கறுப்பினக் குடும்பங்களை என்ன செய்கின்றன என்று கைல் ஆபிரகாம் 2016-ல் ஒரு நடனம் செய்தார். 2018-ல் ரென்னி ஹாரிஸ், தெருவில் பிறந்த ஹிப்ஹாப் அசைவுகளைக் கொண்டு எய்லியின் வாழ்வையே இரண்டு அங்கங்களாக ஆக்கினார். 2019-ல் ஜமார் ராபர்ட்ஸ் துப்பாக்கிக்குப் பலியாகிறவர்களைப் பற்றி ‘ஓட்’ செய்தார். ‘சவுத்லாண்ட்’ பேசிய கொலையும் ‘ஓட்’ பேசும் கொலையும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். ‘ஓட்’ முடிந்து, இடைவேளை விட்டு, அதே உடல்கள் ‘ரெவலேஷன்ஸ்’ ஆடும்போது அந்த மஞ்சள் உடைகளின் குதூகலத்துக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது. பழையது புதியதை விழுங்குகிறது என்று சொல்பவர்கள் இந்த வரிசையில் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆனால் எய்லி குழுவின் வெற்றி இன்னொரு உண்மையை மறைக்கிறது. மூத்த பிள்ளை இல்லாத வீடுகளும் இருக்கின்றன. ஃபிலடெல்ஃபியாவில் ஜோன் மயர்ஸ் பிரவுன் 1970-ல் தொடங்கிய ஃபிலடான்கோ, ஓஹயோவின் டேட்டன் நகரில் ஜெரால்டின் பிளன்டன் 1968-ல் தொடங்கிய குழு, டென்வரில் கிளியோ பார்க்கர் ராபின்சன், டல்லஸில் ஆன் வில்லியம்ஸ், லாஸ் ஏஞ்சலிஸில் லூலா வாஷிங்டன். ஐவரும் பெண்கள். பல பத்தாண்டுகள் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்து, அந்தக் கட்டணத்தில் குழுவை நடத்தி, நன்றாக ஆடுகிறவர்களைப் பெரிய குழுக்களுக்குப் பறிகொடுத்து, மறுபடி அடுத்த வகுப்பைத் தொடங்கியவர்கள். டென்வர் குழுவின் இருப்பிடம் ஒரு பழைய கறுப்பினச் சபைக் கட்டடம். டன்ஹமின் ‘சவுத்லாண்ட்’ 2012-ல் மீண்டும் மேடை ஏறியது நியூயார்க்கின் கண்ணாடிக் கட்டடத்தில் அல்ல, இந்த டென்வர் குழுவின் முயற்சியில்.

2025 மே மாதம், அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் நாடெங்கும் நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்குத் தருவதாகச் சொன்ன மானியங்களை மின்னஞ்சலில் ரத்து செய்தது. கைவசம் சேமிப்புள்ள பெரிய நிறுவனங்கள் ஒரு மானியம் போனால் தாங்கிக்கொள்ளும். ஒரு பருவத்து நிகழ்ச்சியை நம்பி ஆட்களை வேலைக்கு வைத்த சிறு குழுக்கள் தாங்காது. அமெரிக்க அரசுக்கு உண்மையாகவே இந்த நடனத்தின்மீது பெருமை இருந்தால், புதுப் படைப்புக்கு மானியம், விழாவுக்கு மானியம் என்று கொடுப்பதைக் குறைத்து, ஐந்தாண்டு வாடகைக்கும் ஒத்திகைக் கூலிக்கும் கொடுக்க வேண்டும். தனியார் அறக்கட்டளைகளுக்கும் இது பொருந்தும். புதுப் படைப்புக்குக் கொடுத்தால் துண்டறிக்கையில் பெயர் வரும், கூரை ஒழுகலுக்குக் கொடுத்தால் வராது என்ற கணக்கை விட்டாக வேண்டும்.

எய்லி குழுவுக்கு 2025 ஜூலை முதல் கலை இயக்குநர் அலிசியா கிராஃப் மாக். அங்கேயே ஆடியவர், ஜூலியார்ட் கல்லூரியின் நடனப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். ‘ரெவலேஷன்ஸ்’ கடைசியாகத்தான் வர வேண்டுமா என்று அவரிடம் எல்லோரும் கேட்பார்கள். அதைவிடப் பயனுள்ள காரியம் ஒன்று இருக்கிறது. டேட்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் டென்வரிலும் மூத்தவர்களின் உடம்பில் மட்டும் தங்கியிருக்கும் நடனங்களை, அந்த மூத்தவர்கள் இருக்கும்போதே, அவர்களுக்கு உரிய கூலி கொடுத்து, 55-ஆம் தெருவின் கூடத்துக்கு அழைத்து வந்து கற்றுக்கொள்ளலாம். டன்ஹமுக்காக எய்லி 1987-ல் செய்தது அதுதான். வீடும் இருக்கிறது, ஆண்டுதோறும் டிக்கெட் காசும் வருகிறது.